சொல்லாது நிற்றலும் சொல்லி விலகலும்

ஆண்டுதோறும் கல்வியாண்டின் தொடக்கத்தில் கல்லூரி வாயில்கள் களைகட்டுகின்றன. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகின்றனர். சேர்க்கைப் பட்டியல் ஒட்டப்படுகிறது. இன்னார் மகன் இன்ன துறையில் இடம்பெற்றான் என்பது தெருவெங்கும் பேசப்படுகிறது. ஆயின் அதே பிள்ளைகளுள் சிலர் இரண்டாம் பருவத்திலோ மூன்றாம் பருவத்திலோ வராமற் போவதை எந்தப் பட்டியலும் அறிவிப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் முதலில் சில நாள்களுக்கு வராமைக் குறி விழுகிறது. பின்னர் அக்குறியே தொடர்கிறது. இறுதியில் ஒருநாள் அப்பெயரின்மீது கோடு இழுக்கப்படுகிறது.

2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டிற்கோ 47 விழுக்காடு. இது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தியே. எனினும் இவ்வெண் சேர்ந்தோரைச் சொல்லுமேயன்றி, பட்டத்தோடு வெளியேறியோரைச் சொல்லாது. இவ்விரண்டிற்கும் இடையே நோயாலும், வறுமையாலும், குடும்பச் சூழலாலும் படிப்பைப் பாதியில் விட்டோர் உளர். அவர்களுட் பலர், விட நேர்ந்ததால் மட்டும் இழந்தவர் அல்லர். முறையாக விடத் தெரியாமையாலும் இழந்தவர். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

தமிழிலக்கணம் வினைகளைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பகுக்கும். 'விலகு' என்பது தன்வினை. 'விலக்கு' என்பது பிறவினை. ஒருவர் தாமே ஒதுங்கினால் விலகினார் என்கிறோம். பிறர் அவரை ஒதுக்கினால் விலக்கினர் என்கிறோம். ஒரு ககர மெய்யே இரண்டிற்கும் வேறுபாடு. கல்லூரி நிருவாகத்திலும் இவ்வேறுபாடு உண்டு. உரிய காலத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற மாணவர் விலகியவர் ஆகிறார். எழுதிக் கொடாமல் நின்றவர், நாள் கடந்தபின் விலக்கப்பட்டவர் ஆகிறார். முன்னவரின் இடமும் பதிவும் மதிப்பும் ஓரளவு காக்கப்படுகின்றன. பின்னவர் மீண்டும் வர விரும்பினால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல நேர்கிறது.

மக்கள் வழக்கிலோ இரண்டிற்கும் சேர்த்து 'படிப்பை நிறுத்திவிட்டான்' என்னும் ஒரே தொடர்தான் வழங்குகிறது. அரசு ஆவணங்கள் 'இடைநிற்றல்' என்கின்றன. இடையில் நின்றவர் மீண்டும் நடக்கலாம் என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆயின் நின்றவர் நின்றே போவதுதான் நாம் பெரிதும் காண்பது.

நம் வட்டாரத்தின் இயல்பு

செங்கற்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள், உருட்டாலைகள், வேதிப்பொருள் ஆலைகள் ஆகியன அவ்வூரின் முகத்தை மாற்றியவை. தேர்வாய் கண்டிகையிலும் காக்களூரிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. கிழக்கே பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவர் சிற்றூர்கள், மேற்கே செங்கற்சூளைகள், கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத்திலிருந்து வந்தோர் வாழும் முகாம். இக்குடும்பங்களின் பிள்ளைகளே பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரிக்கும், திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்கும், வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கும், மின்தொடர் வண்டியேறிச் சென்னைக் கல்லூரிகளுக்கும் செல்கின்றனர். அவர்களுள் பலர் தம் இல்லத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையினர்.

தொழிற்பேட்டை அருகிருப்பது ஒரு வகையில் நன்மை. பிறிதொரு வகையில் இடர். தந்தை நோயுற்றுப் படுத்தால், மகனுக்கு மறுநாளே ஒப்பந்தக்காரர் வழியாக ஆலையில் வேலை கிடைத்துவிடுகிறது. 'ஒரு மாதம் போகிறேன்' என்று போகிறவன் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வகுப்புக்கு வர முயல்கிறான், சில நாள் வருகிறான், பின்னர் உறங்கிப்போகிறான். வேலை கிடைக்காத ஊரில் மாணவன் படிப்பை விடத் தயங்குவான். வேலை வாயிலிலேயே நிற்கும் ஊரில் தயக்கம் குறைவு. முறையாக விலகும் எண்ணமே தோன்றாமல் வெறுமனே நின்றுவிடுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியபோது பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. எவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுதும் புகுந்த வெள்ளத்தை எல்லாரும் கண்டனர். ஒரு வீட்டிற்குள் மட்டும் நோயாகவோ சாவாகவோ கடனாகவோ புகும் வெள்ளத்தைப் பல்கலைக்கழகம் தானே காண இயலாது. அதை எழுதிக் காட்டினால் அதற்கும் விதியில் இடமுண்டு.

விதிகள் தரும் நான்கு வழிகள்

படிப்பைத் தொடர இயலாத மாணவர்முன் நான்கு வழிகள் உள்ளன. எந்தச் சூழலுக்கு எந்த வழி என்பதைத் தெரிந்துகொள்வதே முதற்கடமை.

முதலாவது, வருகைக் குறைவைப் பொறுத்தருளக் கோருதல். மாணவர் இதனைக் 'கண்டோனேஷன்' என்பர். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பொது விதி. ஒரு பருவத்திற்கு 90 வேலைநாள் எனக் கொண்டால் 68 நாள் வந்தாக வேண்டும். 22 நாள் வராதிருக்கலாம். மஞ்சட்காமாலையோ குடற்காய்ச்சலோ வந்தால் இந்த 22 நாள் விரைவில் கரைந்துவிடும். அதற்காகவே 75க்குக் கீழும் ஓர் எல்லை வரை, உரிய கட்டணமும் மருத்துவச் சான்றும் பெற்றுத் தேர்வுக்கு அனுமதிக்கும் விதி உள்ளது. பெரும்பாலான இடங்களில் இவ்வெல்லை 65 விழுக்காடு. அண்ணா பல்கலைக்கழக விதிகளும், நீண்ட மருத்துவமனைச் சிகிச்சை, விபத்து, குறிப்பிட்ட நோய் ஆகியவற்றால் 65க்கும் 75க்கும் இடைப்பட்ட வருகை பெற்றோர்க்குச் சான்றின்பேரில் இடமளிக்கின்றன. அதற்கும் கீழே போனால் அப்பருவத் தேர்வை எழுத இயலாது. வருகை மிகவும் குறைந்தோர் அப்பருவத்தையே மீண்டும் படிக்க நேரும். இதனை மாணவர் 'ரீடூ' என்பர். எல்லைகளும் கட்டணமும் பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுமாதலின், சேர்ந்த ஆண்டின் விதிமுறை நூலைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, தேர்விலிருந்து மட்டும் விலகுதல். வருகை நிறைந்திருக்கிறது; ஆனால் தேர்வு நேரத்தில் நோயோ, இல்லத்தில் எதிர்பாராத நிகழ்ச்சியோ குறுக்கிடுகிறது. அண்ணா பல்கலைக்கழக விதிகள் இத்தகையோர் ஒரு பாடத்திலிருந்தோ பல பாடங்களிலிருந்தோ தேர்வு விலகல் பெற வழி செய்கின்றன. படிப்புக் காலம் முழுமைக்கும் ஒருமுறையே இதனைப் பெறலாம். விண்ணப்பம் தேர்வுக்கு முந்திய பத்து நாள் கணக்கிற்குள் கல்லூரித் தலைவரின் பரிந்துரையோடு சேர வேண்டும். அசாதாரணச் சூழல்களில் இக்கால எல்லை தளர்த்தப்படவும் கூடும். இதன் பயன் மதிப்பெண் பட்டியலில் தெரியும். அனுமதியோடு விலகியவர்க்கு 'டபிள்யூ' என்னும் எழுத்தும், வருகை குறைந்து தடுக்கப்பட்டவர்க்கு 'எஸ்.ஏ.' என்னும் எழுத்தும், மீண்டும் எழுத வேண்டியவர்க்கு வேறோர் எழுத்தும் இடப்படுகின்றன. முறையாகப் பெற்ற விலகல், முதல் வகுப்புக்கும் சிறப்பு முதல் வகுப்புக்கும் உரிய தகுதியைக் கணக்கிடும்போது ஒரு முயற்சியாக எண்ணப்படுவதில்லை. ஆகவே மூவரும் அன்று தேர்வெழுதவில்லை எனினும் மூவர் நிலையும் ஒன்றன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இந்த 'டபிள்யூ' வழக்கில் உள்ளது. அங்கும் அது மதிப்பெண் சராசரியில் சேர்வதில்லை.

மூன்றாவது, அனுமதி பெற்ற படிப்பு இடைவெளி. நோய் பல மாதம் நீடிக்குமெனில், அல்லது குடும்பச் சுமை ஓராண்டுக்கேனும் தோளில் இருக்குமெனில் இதுவே தக்க வழி. அண்ணா பல்கலைக்கழகத்தில் பொதுவாக ஒருமுறை, ஓராண்டு வரை இது வழங்கப்படுகிறது. அசாதாரண நிலையில் மேலும் ஓராண்டு கேட்கலாம். பருவத்தின் இடையில் நிறுத்த நேர்ந்தால், அப்பருவத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள், காரணத்தையும் மீண்டும் வரக்கூடிய நாளையும் குறித்துக் கல்லூரித் தலைவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மீண்டும் வருவோர் தாம் திரும்பும் ஆண்டில் நடைமுறையிலுள்ள பாடத்திட்டத்திற்கு உட்படுவர். வருகை குறைந்து தடுத்து நிறுத்தப்பட்ட காலத்தைப் பிற்பாடு 'இடைவெளி' என்று மாற்றிக்கொள்ள இயலாது. சொல்லாது நின்றவர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் நின்றுபோனவர் மீள்வதற்கும் வழியுண்டு. இடைவெளிக் காலத்தைப் பொறுத்தருளுமாறு கல்லூரி வழியாக விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, மறுசேர்க்கை பெறலாம். எனினும் காலத்திற்கு ஓர் எல்லை உண்டு. நான்காண்டுப் பொறியியல் பட்டத்தை ஏழாண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். இடைவெளியும் அந்த ஏழில் அடங்கும். பிற பட்டங்களுக்குப் படிப்புக் காலத்திற்குமேல் இரண்டாண்டும், விதிவிலக்கான நிலையில் மேலும் ஓராண்டும் தரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்.

நான்காவது, முற்றிலும் விலகுதல். சேர்ந்த சில வாரங்களிலேயே தொடர இயலாது எனத் தெரிந்தால், பணத்தையும் சான்றிதழையும் மீட்பது முதல் வேலை. மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இதனைத் தெளிவாக்கியது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்னரே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதில் நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு, மிகுதியாக 5,000 ரூபாய் வரை மட்டுமே பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்திய 15 நாளுக்குள் எனில் 90 விழுக்காடு; கடைசி நாளுக்குப் பிந்திய 15 நாளுக்குள் எனில் 80; அதன்பின் 30 நாள் வரை எனில் 50; அதற்கும் மேல் எனில் ஒன்றுமில்லை. அண்மை ஆண்டுகளில் மானியக் குழு மாணவர்க்கு இன்னும் சாதகமான நாள்களை ஆண்டுதோறும் அறிவித்து வந்துள்ளது. 2024–25இல், செப்டம்பர் 30க்குள் விலகியோர்க்கு முழுக்கட்டணமும், அக்டோபர் 31 வரை விலகியோர்க்கு 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தத்துடனும் திருப்பித்தர வேண்டும் என்றது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடமே திருப்பித்தர வேண்டும். அவற்றைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் 2018 அறிவிப்பின் பகுதியே. இதனை அறியாத பெற்றோர், ஒரு மேல்நிலைச் சான்றிதழை மீட்பதற்காகப் படிக்காத ஆண்டுகளுக்கும் கட்டணம் கட்ட நேர்ந்ததுண்டு.

மாற்றுச் சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை. ஓராண்டில் திரும்ப வரும் எண்ணமுடையவர், உணர்ச்சி வேகத்தில் 'டி.சி.' வாங்கிவிடுதல் ஆகாது. இடைவெளி பெற்றவர் கல்லூரியின் மாணவராகவே இருக்கிறார், 'டி.சி.' வாங்கியவர்க்கு அவ்வுறவு முடிந்துவிடுகிறது.

நோயும் படிப்பும்

நோய் என்றதும் படிப்பை விடுவதே வழி என எண்ணுவது நம்மிடையே பழகிப்போன எண்ணம். நோயின் கால அளவைப் படிப்பின் கால அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். காசநோயை எடுத்துக்கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் என 2018இல் தொடங்கிய உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் பொதுவாகச் சில வாரங்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை நீங்குகிறது. ஆகவே மருத்துவர் ஒப்பினால் எஞ்சிய மாதங்களில் வகுப்புக்கு வரலாம். அம்மாணவர்க்கு வேண்டியது பெரும்பாலும் முதலாவது வழியே. ஆயின் ஊர் என்ன சொல்லுமோ என்னும் அச்சத்தால் நோயை மறைத்து, காரணம் சொல்லாமலே கல்லூரியை விட்டுவிடுவோர் உளர்.

மனநோய்க்கு இது மேலும் பொருந்தும். உறக்கமின்மையும் ஊக்கமின்மையும் பிடித்த மாணவரைச் சோம்பேறி என்று வீடும், ஒழுங்கீனர் என்று வகுப்பும் எண்ணிவிடுகின்றன. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் நோயாளியின் செய்தி மறைவாகக் காக்கப்படுவதை உரிமையாக ஆக்கியுள்ளது. விடுப்புக்கோ இடைவெளிக்கோ மருத்துவர் தரும் சான்று நோயின் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டுவதில்லை. இத்தனை நாள் ஓய்வு தேவை என்பதே அதன் சாரம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பேறுகாலமும் இவ்வகையில் சேரும். 2021 டிசம்பரில் மானியக் குழு, இளநிலை, முதுநிலை மாணவியர்க்குப் பேறுகால விடுப்பும் வருகைச் சலுகையும் தரும் விதிகளை வகுக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. முனைவர் பட்ட ஆய்வு மாணவியர்க்கு 240 நாள் வரை விடுப்பு என்பது முன்னரே விதியாயிற்று. தாய்மை அடைந்தவள் படிப்பை இழந்தாக வேண்டும் என்பது இனி விதி அன்று. அது வெறும் பழக்கம்.

இல்லச் சூழல்கள்

நோயினும் மிகுதியாகப் படிப்பைத் தடுப்பவை இல்லச் சூழல்கள். தந்தையின் மறைவு, தாயின் நோய், தம்பி தங்கையரின் பொறுப்பு, கடன், திருமணம் என அவை விரியும். சென்னை எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோது மீனவர் பலர் வாரக்கணக்கில் தொழிலின்றி இருந்தனர். அத்தகைய குடும்பத்தில் கல்லூரிக் கட்டணத்தைவிட அன்றாட உலையே முதலில் நிற்கும்.

நம் சமுதாயத்திற்குச் சிறப்பாக உரிய ஒன்றையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். கணவனை இழந்த மாணவி இத்தா இருக்கும் காலம் நான்கு மாதம் பத்து நாள். அஃது ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதையும் விழுங்கிவிடும். அவள் கல்லூரிக்கு ஒரு வரியும் எழுதாதிருந்தால் வருகை குறைந்தவள் என்றே பதிவாவாள். துயரோடு படிப்பும் போகும். இத்தா தொடங்கிய முதல் வாரத்திலேயே தந்தையோ உடன்பிறந்தானோ அவள் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைக் கல்லூரியில் சேர்ப்பின், அந்த ஒரு பருவத்தை மட்டும் இடைவெளியாக்கக் கேட்கலாம். மார்க்கக் கடமையும் படிப்பும் ஒன்றையொன்று தடுக்க வேண்டியதில்லை.

திருமணத்தால் நிற்போர் கதை வேறு. நிக்காஹ் நாள் குறிக்கும்போது மண்டபம் கிடைக்குமா என்று பார்க்கிறோம். வெளிநாட்டில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்கு விடுப்பு உண்டா என்று பார்க்கிறோம். மணமகளின் தேர்வு நாளை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. இறுதிப் பருவத்தில் இரண்டு தாள் எழுதாமல் புகுந்த வீடு சென்ற பெண், பிற்காலத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க முனையும்போது பன்னிரண்டாம் வகுப்பு தேறியவளாகவே நிற்கிறாள்.

பணத்தைப் பற்றியும் இரண்டு செய்திகள். கல்விக்கடன் பெற்றவர், நிறுத்திய செய்தியை வங்கிக்கு எழுதுதல் இன்றியமையாதது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், குறித்த காலத்தில் படிப்பை முடிக்க இயலாதவர்க்கு இரண்டாண்டு வரை நீட்டிப்புத் தர இடமளிக்கிறது. சொல்லாது நின்றவர் வங்கியின் பார்வையில் தவணை தவறியவர் ஆவார். அவ்வாறே 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் படிப்பில் இருப்போர்க்கென வகுக்கப்பட்டவை. நிறுத்துமுன் உதவித்தொகை மீண்டும் தொடர என்ன செய்ய வேண்டும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலகியோர் இருவர்

கணிதமேதை இராமானுசன் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர். கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்; சில மாதங்களில் நோயுற்று அக்கல்லூரியையும் விட்டார். பின்னர் தனித்தேர்வராக எழுதியும் கணிதத்தில் மட்டுமே வென்றார். பட்டம் இல்லை; வேலை இல்லை. அன்று நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918இல் இராயல் கழக உறுப்பாண்மையும் பின்தொடர்ந்தன.

'இராமானுசனே படிப்பை விட்டவர்தாமே' என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்ளும் மாணவர் உளர். அவ்வரலாறு சொல்லும் செய்தி அதுவன்று. நோயால் கல்லூரியை விட்ட இளைஞர் ஒருவர் ஆறேழு ஆண்டுகள் அலைய நேர்ந்தது. அவர் தம் கணக்கேடுகளோடு பெரியோரைத் தேடிச் சென்றார். அவர்களும் அவருக்காக எழுதினர், பேசினர். அதன்பின்னரே கதவு திறந்தது. அவ்வளவு பெரிய மேதைக்கே பிறர் கடிதம் தேவைப்பட்டது எனில், நம் பிள்ளைகட்குச் சொல்ல வேண்டுமோ? இன்று அக்கதவு விதியாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் அவர்கள் (1896–1972) வேறு வகையினர். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், நாட்டின் அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வை எழுதாமலே கல்லூரியை விட்டவர் அவர். அது நோயாலோ வறுமையாலோ நேர்ந்ததன்று. தெளிந்து எடுத்த முடிவு. பட்டம் பெறாத அப்பெருமகனார் பின்னர் இந்திய அரசியல் நிருணய சபையில் அமர்ந்தார். இன்று சென்னை அண்ணா சாலையில் பெண்களுக்கான அரசு கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. படிப்பை விட்டவர் வாழ்வில் தோற்றவர் என்னும் எண்ணம் பிழை என்பதற்கு அவர் சான்று. விலகுவது இழிவன்று, இன்ன காரணத்தால் விலகுகிறோம் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும், பிறர்க்கும் அறிவித்திருக்க வேண்டும்.

செய்யத்தக்கன

மாணவர்க்கு: இயலாது எனத் தோன்றிய முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பின்னர் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம் எழுதும் முறையைப் பள்ளியிலேயே பயின்றிருக்கிறோம். பெயர், பதிவெண், வகுப்பு, பருவம்; வர இயலாத காரணம் இரண்டு மூன்று வரிகளில்; எந்த நாள் முதல் எந்த நாள் வரை; மேற்கூறிய நான்கனுள் எது வேண்டும்; திரும்ப வரும் எண்ணம் உண்டா; மாணவர், பெற்றோர் கையொப்பம்; இணைப்பாக மருத்துவச் சான்று. இவ்வளவே அதன் உறுப்புகள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் நாளும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை மூன்றாண்டு கழித்து எவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார். மருத்துவச் சான்றை நோயுற்ற காலத்திலேயே பெறுங்கள். குணமாகிப் பல மாதம் கழித்துத் தேடும் சான்றுக்கு மதிப்புக் குறைவு. எவ்வழியும் அடைபட்டால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனமும் (1981) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (2002) ஆலைப் பணியில் இருப்போர்க்கும் பட்டம் தருவனவே.

ஆசிரியர்க்கு: ஒரு மாணவர் தொடர்ந்து ஒரு வாரம் வராவிடின் தொலைபேசியில் ஒருமுறை கேட்டல் நம் கடமை. 75 விழுக்காட்டிற்குக் கீழே போனபின் எச்சரிப்பதைவிட, 85க்குக் கீழே இறங்கும்போதே வினவுதல் பயன் தரும். அப்போது அம்மாணவர்க்கு இன்னும் எட்டு நாள் கையிருப்பு இருக்கும்; விண்ணப்பிக்கவும் காலம் இருக்கும்.

சமுதாயப் பெரியோர்க்கு: ஜமாஅத்துகள் சேர்க்கைக் காலத்தில் கட்டணம் தந்து உதவுகின்றன. அவ்வுதவி போற்றத்தக்கது. ஆயின் இடையில் நின்றவர் மீள்வதற்கு வேண்டிய மறுசேர்க்கைக் கட்டணத்திற்கு எவரிடம் செல்வது என்று அறியாதோர் பலர். பைத்துல்மால் நிதியில் சிறு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். மஹல்லாவில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, பருவத்திற்கு ஒருமுறை 'எல்லாரும் தொடர்கிறார்களா?' என்று ஒருவர் வினவினாலே பாதிப் பணி முடியும். நிக்காஹ் நாள் குறிக்கும்முன் தேர்வு நாளைக் கேட்பதை ஒரு வழக்கமாக்கலாம். வீட்டில் தந்தை படுத்துவிட்ட செய்தி கல்லூரிக்கு எட்டுமுன் பள்ளிவாசலுக்கு எட்டிவிடும். அப்போதே அப்பையனை ஆலை வாயிலுக்கு அனுப்புமுன் கல்லூரி அலுவலகத்திற்கு ஒருமுறை அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவர் முன்வர வேண்டும்.

எல்லாரும் தொடர்ந்து படித்தல் வேண்டும் என்பதே நம் விழைவு. அது இயலாத காலத்தில் ஒரு தாளில் பத்து வரி எழுதி, முத்திரை பெற்று, 'வருவேன்' என்று சொல்லிச் செல்லட்டும். அவர் திரும்பி வரும் நாளில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கோடிழுக்கப்படாமல் இருக்கும்.